பங்குனா: ஒரு தீவை விழுங்கிய செம்புச் சுரங்கம்

1969 ஆகஸ்ட். பசிபிக் கடலில் பூகன்வில் தீவின் கிழக்குக் கரையில் ரொரோவானா என்ற கிராமம். மலைக்கு மேலிருந்து வெட்டியெடுக்கப்போகும் செம்பை ஏற்றி அனுப்ப ஒரு துறைமுகம் வேண்டும். அதற்கு அந்தக் கிராமத்தின் நிலம் வேண்டும். சர்வேயர்கள் வந்து முளை அடித்தார்கள். கிராமத்துப் பெண்கள் போலீஸ் வரிசையைப் பிளந்துகொண்டு போய் அந்த முளையைப் பிடுங்கினார்கள். சில நாட்களில் இன்னும் பெரிய போலீஸ் படை வந்தது. கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, தடியடி நடந்தது. வெறுங்கையோடு நின்ற பெண்கள் மீது அரசு நடத்திய அந்தத் தாக்குதலின் படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வெளிவந்து, அந்த நாட்டையே தலைகுனிய வைத்தன. அன்று பப்புவா நியூ கினியும் அதோடு சேர்த்துப் பூகன்விலும் ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்தில் இருந்தன.

கூச்சல் கிளம்பியதும் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. சுரங்க நிறுவனம் ரொரோவானா மக்களோடு நேரடியாகப் பேசி, முன்பைவிடக் கூடுதல் தொகைக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. வேலை தொடர்ந்தது. அன்று அந்தப் பெண்கள் எழுப்பிய கேள்வி, எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணில் முளை அடிக்க நீங்கள் யார் என்பது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் விட்டதற்கு அந்தத் தீவு கொடுத்த விலை பத்தாண்டுப் போர், பல்லாயிரம் உயிர்கள்.

மண் யாருடையது?

நிலப் போராட்டத்தில் பெண்கள் ஏன் முன்னே நின்றார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் வேர் இருக்கிறது. பங்குனா மலைப்பகுதியில் வாழும் நசியோய் மக்களும் தீவின் பெரும்பாலான மற்ற மக்களும் தாய்வழிச் சமூகத்தினர். குலம் தாய் வழியாக வருகிறது. நிலமும் தாய் வழியாகவே வருகிறது. சபையில் எழுந்து பேசுகிறவர் தாய்மாமனாகவோ அண்ணன் தம்பியாகவோ இருக்கலாம். ஆனால் எந்தத் தோட்டம் யாருக்கு, எந்தக் காட்டில் யார் வேட்டையாடலாம், எது முன்னோர் புதைந்த இடம் என்ற நினைவும் உரிமையும் பெண்களிடம் இருந்தன. அங்கே நிலத்தைத் தனி ஒருவர் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. இறந்தவர்களுக்கும் இனிப் பிறப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

காலனி ஆட்சியின் அதிகாரிகள் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, 'நிலச் சொந்தக்காரர்' யார் என்று தேடினார்கள். ஆண்களைத் தேடினார்கள், கையெழுத்துப் போடக்கூடியவர்களைத் தேடினார்கள். தேடியபடியே சில ஆண்கள் கிடைத்தார்கள். பட்டியல் எழுதப்பட்டது. அந்தப் பட்டியல் பின்னால் என்ன செய்தது என்பதற்கு வருவோம்.

அதைவிடப் பெரிய கோளாறு சட்டத்தில் இருந்தது. மேல்மண் மக்களுக்கு, அடியில் இருக்கும் தாது அரசுக்கு என்றது ஆஸ்திரேலியச் சட்டம். பூகன்வில் மக்களுக்கு இது விளங்கவே இல்லை; விளங்காததில் தவறும் இல்லை. மேல்மண்ணை அகற்றாமல் அடிமண்ணை எடுக்க எந்தப் பொறியாளராலும் முடியாது. 1964-ல் கான்சின்க் ரியோடின்டோ ஆஃப் ஆஸ்திரேலியா நிறுவனத்தின் நிலவியலாளர்கள் பங்குனா காட்டுக்குள் மண் மாதிரி எடுக்கத் தொடங்கியபோதே எதிர்ப்பும் தொடங்கிவிட்டது. 1966-ல் ஆஸ்திரேலிய அமைச்சர் சார்ல்ஸ் பார்ன்ஸ் தீவுக்கு வந்தார். சுரங்கத்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று மக்கள் கேட்டபோது, சேதத்துக்கான இழப்பீடு மட்டுமே கிடைக்கும், லாபம் நாடு முழுமைக்கும் உரியது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போனார்.

பூகன்விலிலிருந்து சட்டசபைக்குத் தேர்வான பால் லாபுன் என்பவர் போராடி, ராயல்டியில் 5 சதவீதத்தை நிலத்துக்கு உரியவர்களுக்குத் தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வைத்தார். அந்தச் சபையில் அது பெரிய வெற்றிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ராயல்டி என்பதே ஏற்றுமதி மதிப்பில் 1.25 சதவீதம். 10,000 ரூபாய்க்குச் செம்பு விற்றால் ராயல்டி 125 ரூபாய். அதில் அந்த மண்ணின் மக்களுக்கு 6 ரூபாய் 25 காசு. 1967-ல் இதன் அடிப்படையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பூகன்வில் காப்பர் லிமிடெட் நிறுவனம் பிறந்தது. மழைக்காட்டு மக்கள் எவரும் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவர்களிடம் யாரும் நீட்டவும் இல்லை.

மலை போனது, ஆறும் போனது

பங்குனா தாதுவில் செம்பின் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு. ஒரு டன் பாறையைப் பொடித்தால் சுமார் ஐந்து கிலோ செம்பு; மீதி 995 கிலோவும் கழிவு. தாதுவைத் தொடுவதற்கு முன் அகற்ற வேண்டிய வெறும் பாறை இதில் சேராது. பெரும் சுரங்கங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுக்கப்பட்ட உலோகத்தின் மதிப்பைச் சொல்கிறார்கள். எடுக்கப்பட்ட இடத்தில் வாழ்கிறவர்களுக்கு முக்கியமானது அந்த 995 கிலோ எங்கே போகிறது என்பதுதான்.

முதலில் காடு. மரங்களுக்கு நஞ்சு தெளித்தார்கள். பட்டுப்போன மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மழைக்காடு யுகயுகமாகச் சேர்த்து வைத்த மேல்மண்ணை உயரழுத்த நீர்ப்பீரங்கிகளால் அடித்து ஆற்றுக்குள் கரைத்தார்கள். பிறகு குழி: அகலம் சுமார் இரண்டு கிலோமீட்டர், ஆழம் முந்நூறு மீட்டருக்கு மேல். குழி வளர வளர, அதன் விளிம்பில் இருந்த கிராமங்கள் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கப்பட்டன. தோட்டம் போடத் தகுந்த மண் அங்கே இருக்கிறதா என்பது திட்டத்தில் பெரிய விஷயமாக இருக்கவில்லை.

கழிவுக்கு அணை கட்டவில்லை. அரைத்த கழிவுச் சேறும் உடைத்த பாறையும் கவெரோங் ஆற்றில் கொட்டப்பட்டன. அங்கிருந்து ஜபா ஆற்றுக்கு, ஜபாவிலிருந்து மேற்குக் கரையின் எம்ப்ரஸ் அகஸ்டா விரிகுடாவுக்கு. 17 ஆண்டுகளில் நூறு கோடி டன்னுக்கும் மேல். ஆற்றுப்படுகை உயர்ந்தது, ஆறு கரையை விட்டுப் பரவியது, வயல்களும் சவ்வரிசிப் பனைத் தோப்புகளும் சேற்றில் புதைந்தன. மீன் போனது. செம்பு கலந்து நீலப்பச்சையாக ஓடும் ஓடைகள் இன்றும் அங்கே உண்டு.

மழை மிகுந்த, நிலநடுக்கம் நிறைந்த மலைநாட்டில் அணை நிற்காது, ஆகவே ஆற்றில் விடுவதே வழி என்பது சுரங்க நிறுவனங்கள் அந்த வட்டாரம் முழுவதும் சொன்ன சமாதானம். பப்புவா நியூ கினியின் ஓக் டெடி சுரங்கத்தில் அணைக்கான வேலை 1984-ல் நிலச்சரிவில் போனதும் அதைக் கைவிட்டு, ஃப்ளை ஆற்றின் மேல் பாரத்தை ஏற்றினார்கள். எல்லைக்கு அப்பால் இந்தோனேசியப் பப்புவாவில் ஃப்ரீபோர்ட் நிறுவனத்தின் கிராஸ்பெர்க் சுரங்கம் கமோரோ மக்களின் அஜ்க்வா ஆற்றைக் கழிவுப் பாதையாக்கியது. ஓர் இடத்தில் கழிவைப் பத்திரமாக வைக்கவே வழியில்லை என்றால், அந்த இடத்தில் சுரங்கம் கூடாது என்பதுதான் நேர்மையான முடிவு. அந்த முடிவை இந்த மூன்று இடங்களிலும் யாரும் எடுக்கவில்லை.

பணம் வந்த வழி, பிளவு வந்த வழி

1972-ல் உற்பத்தி தொடங்கியது. 1989 வரை 30 லட்சம் டன் செம்பு, 306 டன் தங்கம், 784 டன் வெள்ளி. அந்தக் காலத்தில் பப்புவா நியூ கினியின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் சுமார் 44 சதவீதம் இந்த ஒரு குழியிலிருந்து வந்தது. 1975 செப்டம்பர் 16-ல் சுதந்திரம் பெற்ற புதிய நாடு தன் கஜானாவுக்குப் பங்குனாவையே நம்பியிருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னதாக, செப்டம்பர் 1-ல், பூகன்வில் தன்னைத் தனி நாடு என்று அறிவித்தது. எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. மாகாண ஆட்சியும் ராயல்டியில் பங்கும் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

1973-ல் செம்பு விலை ஏறியபோது நிறுவனத்தின் லாபம் தலைப்புச் செய்தியாகும் அளவுக்குக் குவிந்தது. வரிச்சலுகையால் அரசுக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. 1974-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி அதிக லாபத்துக்கு அதிக வரி போட்டார்கள். தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு அது நியாயம் செய்தது, பங்குனாவுக்குச் செய்யவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விதியும் இருந்தது. 1981-ல் வந்த வாய்ப்பை அரசும் நிறுவனமும் கைநழுவ விட்டன. போரைத் தவிர்த்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சுரங்கம் சமூகத்துக்குள் செய்த வேலை வேறு. கடற்கரையில் அராவா நகரம் எழுந்தது: மருத்துவமனை, பள்ளிகள், கடைகள். பெருநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் தீவு மக்களுக்கும் இடையில் உரசல், குடி, பெண்கள் மீதான வன்முறை. சுரங்கம் பூகன்வில் இளைஞர்கள் பலருக்கு வேலையும் பயிற்சியும் கொடுத்தது உண்மை. அந்த வேலையில் இருந்துகொண்டே தங்கள் மலை கரைவதை அவர்கள் அன்றாடம் பார்த்தார்கள் என்பதும் உண்மை.

இங்கேதான் அந்தப் பழைய பட்டியல் வருகிறது. இழப்பீடும் வாடகையும் 1960-களில் எழுதப்பட்ட குடும்பத் தலைவர்களின் பெயர்களுக்கே போயின. பட்டியலில் இருந்தவர்கள் வாங்கினார்கள். எல்லோரும் பகிர்ந்து கொடுக்கவில்லை. பெண்களுக்கும், சுரங்கம் வந்தபின் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கும் கையில் எதுவும் வரவில்லை. 1980-ல் ஏற்பட்ட இழப்பீட்டு ஒப்பந்தத்தின் பணத்தை நிர்வகித்த அறக்கட்டளையும் சில மூத்தவர்களின் பிடிக்குள் இருந்தது என்ற குமுறல் எழுந்தது. தாய்வழி நிலத்தின் மேல் ஆண்வழிப் பணம் வந்து விழுந்தது. மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே, அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே பேச்சு முறிந்தது. இழப்பீடு கொடுத்துவிட்டோமே, பிறகென்ன என்று கேட்கிற அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இழப்பீடு கொடுக்கப்பட்ட விதமே ஒரு சமூகத்தை உடைக்கும் என்பதற்குப் பங்குனாவைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

1987-ல் இளைய தலைமுறை பழைய நிலவுரிமையாளர் சங்கத்தை மறுத்துப் புதிய சங்கம் கண்டது. தலைவர் பெர்பெத்துவா செரேரோ என்ற பெண். செயலாளர் ஃபிரான்சிஸ் ஓனா, அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் கேட்ட இழப்பீடு 1,000 கோடி கினா. சுரங்கம் அதன் வாழ்நாள் முழுவதும் உற்பத்தி செய்ததன் மதிப்பே சுமார் 520 கோடி கினாதான். பேராசை என்று அன்று பலர் எழுதினார்கள். என் வாசிப்பு வேறு. பணத்தைத் தவிர வேறெந்த மொழியிலும் கேட்க மறுத்தவர்களிடம், எங்கள் மலைக்கு விலை கிடையாது என்பதை அவர்கள் எண்ணில் சொன்னார்கள்.

பத்தாண்டுப் போர்

1988 நவம்பரில் நியூசிலாந்து ஆய்வு நிறுவனம் ஒன்று சுரங்கத்தின் பாதிப்புகள் பற்றிய தன் முடிவுகளை மக்கள் முன் வைத்தது. மக்கள் அஞ்சிய உடல்நலக் கேடுகளுக்கு ரசாயன நஞ்சு காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றது. ஓனா கூட்டத்தைவிட்டு வெளியேறினார். சில நாட்களில் சுரங்கத்தின் வெடிமருந்துக் கிடங்கிலிருந்து டைனமைட் காணாமல் போனது, மின்கோபுரங்கள் சரிந்தன. 1989 மே 15-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்றுவரை திறக்கவில்லை.

அரசு படையை அனுப்பியது. கிராமங்கள் எரிந்தன. ஆஸ்திரேலியா கொடுத்த ஹெலிகாப்டர்கள், தாக்குதலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, துப்பாக்கி பூட்டிப் பறந்தன. கொல்லப்பட்டவர்களின் உடல்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கடலில் போட்டதைப் படையின் மூத்த அதிகாரி ஒருவரே பின்னர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். 1990-ல் படை பின்வாங்கியது. ஓனாவின் பூகன்வில் புரட்சிப்படை சுதந்திரம் அறிவித்தது. அதற்குப் பதிலாகத் தீவைச் சுற்றிக் கடல் முற்றுகை வந்தது.

அந்த முற்றுகையைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும். குண்டில் செத்தவர்களைவிட மருந்தில்லாமல் செத்தவர்கள் அதிகம் என்றே அந்தத் தீவு நினைவில் வைத்திருக்கிறது. மலேரியா மாத்திரை இல்லை, தடுப்பூசி இல்லை, பிரசவத்துக்கு மருத்துவர் இல்லை. சாலமன் தீவுகளுக்குக் குறுகிய கடலைப் படகில் கடந்து மருந்து கொண்டுவர முயன்றவர்கள் சுடப்பட்டார்கள். தேங்காயெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள், சுரங்கத்தின் பழைய உதிரிப் பாகங்களில் நீர்மின் கருவி செய்தார்கள். இந்தச் சாமர்த்தியத்தை உலகம் பின்னால் வியந்தது. அதை வியக்கும்போது, அந்தச் சாமர்த்தியம் எட்டாமல் செத்துப்போன குழந்தைகளையும் நினைக்க வேண்டும்.

புரட்சிப்படையும் கறைபடாமல் இல்லை. தீவு மக்களிலேயே அதை எதிர்த்தவர்கள், அரசுப் படையோடு நின்றவர்கள் உண்டு. பழைய நிலப் பகைகள் துப்பாக்கி ஏந்தின. பூகன்வில் மக்களைப் பூகன்வில் மக்களே கொன்றார்கள். மொத்தச் சாவு 10,000 முதல் 20,000 வரை என்பது மதிப்பீடு. போர் தொடங்கும்போது தீவின் மக்கள்தொகை சுமார் 1,60,000.

1997-ல் பிரதமர் ஜூலியஸ் சான், சாண்ட்லைன் இன்டர்நேஷனல் என்ற கூலிப்படை நிறுவனத்துக்கு 3.6 கோடி டாலர் பேசித் தீவை மீட்கத் திட்டமிட்டார். ராணுவத் தளபதி ஜெரி சிங்கிரோக் ஏற்க மறுத்துக் கூலிப்படையினரைப் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பினார். சான் பதவி விலகி நின்றார். அதன் பிறகே நியூசிலாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியது. அதற்கு முன்பே, 1996-ல், அராவாவில் தீவின் பெண்கள் நூற்றுக்கணக்கில் கூடி அமைதிக்கு வழி தேடியிருந்தார்கள். ஆயுதம் தாங்கிய பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் காட்டுக்குள் நடந்துபோய்க் கூப்பிட்டு வந்தார்கள். 2001 ஆகஸ்ட் 30-ல் அமைதி ஒப்பந்தம், 2005-ல் தன்னாட்சி அரசு, 2019-ல் பொதுவாக்கெடுப்பு. 97.7 சதவீதம் பேர் சுதந்திரம் வேண்டும் என்றார்கள்.

மீண்டும் அதே குழி

இப்போது பூகன்விலின் அதிபர் இஷ்மயேல் தோரோமா. ஒருகாலத்தில் புரட்சிப்படையின் தளபதி. 2027 செப்டம்பர் 1-ல் சுதந்திரம் என்பது அவர் தரப்பு குறித்திருக்கும் நாள். சுதந்திர நாட்டுக்கு வருமானம் வேண்டும். தீவில் பெரிய வருமானம் தரக்கூடியது என்று எல்லோரும் கை காட்டுவது அந்தக் குழியைத்தான். 50 லட்சம் டன்னுக்கு மேல் செம்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்கிறது பூகன்வில் காப்பர் நிறுவனத்தின் மதிப்பீடு. மின்கார்களும் மின்கம்பிகளும் பெருகும் காலத்தில் செம்புக்கு எப்போதும் ஆள் உண்டு.

தன்னாட்சி அரசு ஒரு நல்ல காரியம் செய்தது: 2015-ல் கொண்டுவந்த சுரங்கச் சட்டம், மண்ணுக்கடியில் இருப்பதும் அந்த மண்ணின் மரபுவழி உரிமையாளர்களுக்கே சொந்தம் என்றது, ஆய்வுப் பணிக்கே அனுமதி மறுக்கும் உரிமையையும் தந்தது. பார்ன்ஸ் 1966-ல் சொன்னதற்கு ஐம்பது ஆண்டு கழித்துச் சட்டத்தில் எழுதப்பட்ட பதில் அது. 2017-ல் அப்போதைய அதிபர் ஜான் மோமிஸ் பங்குனாவுக்குச் சென்று மறுதிறப்பு உடன்பாட்டில் கையெழுத்திட முயன்றபோது, பெண்கள் முன்னின்று வழிமறித்தார்கள். அடுத்த ஆண்டு பூகன்வில் காப்பர் நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கத் தன்னாட்சி அரசு மறுத்தது. பிறகு காற்று திரும்பியது. 2022-ல் பங்குனாவின் முக்கியக் குலங்களின் தலைவர்கள் மறுதிறப்புக்குச் சம்மதித்தார்கள். 2024-ல் ஆய்வு உரிமம் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. தலைவர்கள் சம்மதித்தார்கள் என்பதும், குலத்துப் பெண்கள் எல்லோரும் சம்மதித்தார்கள் என்பதும் ஒன்றல்ல. முதல்முறை செய்த தவறே அதுதான்.

பழைய கான்சின்க் ரியோடின்டோ, இப்போது ரியோ டின்டோ, என்ன செய்தது? 2016-ல் பூகன்வில் காப்பரில் தனக்கிருந்த பெரும்பான்மைப் பங்குகளைத் தன்னாட்சி அரசுக்கும் பப்புவா நியூ கினி அரசுக்கும் இனாமாகக் கொடுத்துவிட்டு வெளியேறியது. அந்தக் காலத்துச் சட்டங்களின்படிதான் நடந்தோம், துப்புரவுக் கடமை எங்களுக்கு இல்லை என்றது. மக்கள் விடவில்லை. 2020-ல் 156 பேர் மனித உரிமைச் சட்ட மையத்தின் உதவியோடு ஆஸ்திரேலிய அரசின் முறையீட்டு அமைப்பிடம் புகார் கொடுத்தார்கள். அதன் விளைவாக 2021-ல் நிறுவனம் ஆய்வுக்குப் பணம் தரச் சம்மதித்தது. 2024 டிசம்பரில் முதற்கட்ட அறிக்கை வெளிவந்தது. சரியும் குழிச்சுவர்கள், இற்று விழக் காத்திருக்கும் பழைய கட்டடங்கள், கழிவுச் சேற்றால் பெருகும் வெள்ளம், குடிநீருக்கும் ஆற்றைக் கடப்பதற்கும் மக்கள் படும் பாடு: இவை உயிருக்கே ஆபத்தானவை என்று அது சொன்னது. முடிவுகளை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பேச்சு மேசையில் அமரவும் ஒப்புக்கொண்டது. இதற்கிடையே 2024-ல் ஆயிரக்கணக்கான மக்களின் சார்பில் நிறுவனத்தின் மீது கூட்டு வழக்கும் தொடரப்பட்டது.

பூகன்வில் மக்கள் சுரங்கத்தை மறுபடி திறப்பார்களா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். தொலைவிலிருந்து கூடாது என்று உத்தரவிடும் உரிமை எனக்கோ வேறு யாருக்குமோ இல்லை. ஆனால் பசியையும் கனவையும் காட்டி அவசரப்படுத்தி வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. நச்சு ஆற்றின் கரையில் நிற்கிறவரிடம், ஆற்றைச் சுத்தம் செய்யப் பணம் வேண்டுமென்றால் இன்னொரு முறை தோண்ட விடு என்று கேட்பது நிர்ப்பந்தம். ஆற்றைத் துப்புரவு செய்வதும் சுரங்கத்தைத் திறப்பதும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கங்களாக இருக்கக் கூடாது. முன்னது ஏற்கெனவே பட்ட கடன். அந்தக் கடன் லாபம் எடுத்த ரியோ டின்டோவுடையது, சட்டத்தை எழுதிக் கொடுத்த ஆஸ்திரேலியாவுடையது, வரி வாங்கிய பப்புவா நியூ கினியுடையது. இந்த மூவரும் தனி நிதி ஒன்றை அமைத்து, கவெரோங், ஜபா ஆறுகளின் துப்புரவை முதலில் தொடங்க வேண்டும். புதிய உரிமம், புதிய முதலீட்டாளர், புதிய ஒப்பந்தம் பற்றிய பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு.